நளீரின் அனுமதிப் புத்தகம்

கட்டாரிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிற ஆட்கள் என்னென்ன கொண்டுவருவார்கள் என்பது காத்தான்குடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பால்மா, பேரீச்சம்பழம், அத்தர் போத்தல், இந்த ஊர் வெக்கைக்கு ஒருநாளும் உதவாத கம்பளிப் போர்வை. நளீரும் இவ்வளவையும் கொண்டுவந்தார். அதோடு அவருடைய பெரிய பெட்டியைப் பிரித்தபோது நாலு மஞ்சள் ஹெல்மட், நாலு செம்மஞ்சள் மேலங்கி, சிவப்பும் வெள்ளையுமாக எச்சரிக்கை நாடா ஐந்து சுருள், உயரத்தில் வேலை செய்கிறவர்கள் உடம்பில் பூட்டுகிற பாதுகாப்புப் பட்டி ஒன்று, ஒரு விசில் எல்லாம் வெளியே வந்தன. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹெல்மட்டைப் பங்கு கேட்கலாமா, கேட்கக் கூடாதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

நளீர் அங்கே ஒரு கட்டடக் கொம்பனியில் சேஃப்டி ஒபிஸர். போனதென்னவோ கல் சுமக்கத்தான். மற்றவர்களைவிட நாலு வார்த்தை ஆங்கிலம் கூடத் தெரிந்ததால் ஆறாம் வருசம் அவருடைய கையில் ஒரு கோப்புக் கட்டையும் கழுத்தில் ஒரு விசிலையும் கொடுத்து நிழலில் நிற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு வருசம் மற்றவர்கள் ஏறுவதைக் கீழே நின்று பார்த்து எழுதினார். விபத்தே இல்லாமல் ஆயிரத்து நூறு நாள் என்று அவருடைய இடத்துப் பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பலகையோடு நின்று எடுத்த படம் இப்போது கண்ணாடி போட்டு வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. நடுவில் ஒருநாள் நேபாளத் தொழிலாளி ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். பந்து விளையாடும்போது முறிந்தது என்று கோப்பில் எழுதப்பட்டது, எழுதிய கை நளீருடையது. பலகையில் நாள் கூடிக்கொண்டே போனது. அந்தக் கதையை மட்டும் அவர் ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

பதினாலு வருசத்தில் லீவுகளையெல்லாம் கூட்டினால் ஊரில் இருந்தது பத்து மாதம். மூத்தவள் நிஸ்றாவுக்கு இப்போது வயது பதின்மூன்று. அவள் முதல் பல் முளைத்ததையும் அந்தப் பல் விழுந்ததையும் நளீர் தொலைபேசியில்தான் பார்த்தார். இளையவள் சப்னாவுக்கு எட்டு. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுகிறவர். அவர் ஏறியது மனைவி றபீக்காவின் வீட்டுக்கு. அதன் மேலே நிஸ்றாவுக்கென்று மேல்மாடி ஒன்று எட்டு வருசமாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கொங்கிறீட் சிலாப்பு போட்டாயிற்று, தூண்கள் நின்றன, வெளிப்பக்கமாகப் பதினேழு படி ஏறிப் போனது, கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் இன்னும் காலம் வரவில்லை. மகளுக்கு வீடு கட்டப் போய் மகளையே பார்க்காமல் விட்ட மனிசன் என்று ஊரில் நளீர் மட்டுமில்லை, தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அது அவருடைய நெஞ்சைத்தான் அறுத்தது. இன்னும் ஐந்தாறு வருசத்தில் நிக்காஹ் பேச்சு வந்துவிடும். அதற்குள் ஏதாவது ஒன்றைத் தன் கையால் பழக்கிக் கொடுத்துவிட வேண்டும், எங்கட வாப்பா சொல்லித் தந்தது என்று அவள் சொல்ல ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். உண்மையான ஆசைதான், அதைக் குறை சொல்ல முடியாது.

அவருக்குத் தெரிந்த ஒரே விசயம் ஆபத்து. ஆகவே அதையே பழக்குவது என்று தீர்மானித்தார். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைக்கவும் கூடாது, அவிழ்த்து விடவும் கூடாது, ஆபத்தை அளந்து அளந்து கையில் கொடுக்க வேண்டும் என்று மூன்று நாள் பயிற்சி வகுப்பொன்றில் படித்திருந்தார். இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல பேச்சைக் கொண்டுவந்து நடைமுறைப்படுத்துகிற ஆள் என்று ஒருவர் இருக்கிறாரே, அங்கேதான் எல்லாம் கெடுகிறது. நளீர் அச்சகத்துக்குப் போய் நூறு தாளில் அனுமதிப் புத்தகம் அடிப்பித்தார். பெயர், வேலை, ஆபத்து, முன்னெச்சரிக்கை, கட்டம், கையெழுத்து. கட்டங்கள் ஐந்து. முதலாவதில் பிள்ளை பார்க்கும். இரண்டாவதில் பெரியவர் பக்கத்தில் நிற்க, பிள்ளை செய்யும். மூன்றாவதில் பெரியவர் தூரத்தில் நிற்பார். நாலாவதில் செய்துவிட்டு வந்து சொல்லும். ஐந்தாவதில்தான் தனியே. இந்தத் தாள் இல்லாமல் நெருப்புக்குச்சி உரசவும் கூடாது.

வந்த முதல் கிழமையே வீட்டைச் சுற்றிப் பரிசோதனை நடந்தது. குளியலறை வழுக்குகிறது என்று எழுதினார். கேஸ் குழாய் பழசு என்று எழுதினார். சமைக்கிற குசினியின் சுவரில், படிக்கட்டு ஒட்டியிருக்கிற பக்கம், எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்த அடையாளம் ஒன்று இருந்தது. ஆபத்தில்லை, அசிங்கம், பெயின்ட் பூச வேண்டும் என்று அதையும் எழுதினார். படிக்கட்டைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. கீழ்ப்படியிலேயே நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கட்டி, கைப்பிடி பூட்டும்வரை ஒருவரும் ஏறக் கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். மேலே காய்ந்துகொண்டிருந்த உடுப்பெல்லாம் அன்றிலிருந்து மண்டபத்தில் கொடி கட்டித் தொங்கியது. வருகிற ஆட்கள் ஈரச் சாறனுக்குள்ளால் தலையை நுழைத்துத்தான் ஸலாம் சொன்னார்கள்.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் ஆறேகாலுக்குக் கூட்டம். கட்டட வேலைத்தலத்தில் அப்படித்தானாம். பிள்ளைகள் இருவரும் ஹெல்மட்டும் மேலங்கியும் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். அன்றைய நாளில் எதிர்பார்க்கக்கூடிய ஆபத்துகளை நளீர் வாசிப்பார். றபீக்கா முதல் நாள் மட்டும் வந்து நின்றாள். இரண்டாம் நாள் புட்டு அடுப்பில் இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குப் புட்டு அடுப்பில் இருந்தது.

விசிலுக்கும் பாடம் இருந்தது. ஒருதரம் ஊதினால் கவனம். இரண்டுதரம் ஊதினால் செய்கிற வேலையை விட வேண்டும். மூன்றுதரம் ஊதினால் அவசரம், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு கேற்றடியில் நிற்கிற முருங்கை மரத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டும், தலையை எண்ண வேண்டும், எது நடந்தாலும் திரும்பி உள்ளே போகக் கூடாது. எண்ணுகிற பொறுப்பு சப்னாவுக்கு. வீட்டில் இந்தத் திட்டத்தை முழுமனதாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

நெருப்புக்குச்சியில் தொடங்கினார்கள். நிஸ்றா குச்சியைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணை மூடி, பிஸ்மில்லாஹ் சொல்லி, உரசி, ஒரு சின்னச் சத்தமும் போட்டாள். நளீருக்குப் புல்லரித்துவிட்டது. பயப்படாதே மகள் என்று தோளில் தட்டினார். அடுத்த நாள் அடுப்பு. அதற்கடுத்த நாள் அடுப்பில் தாச்சிச் சட்டி. ஏழாம் நாள் முட்டை. ஹெல்மட்டுக்குக் கீழே வேர்வை வழிய நிஸ்றா ஒரு கையால் முட்டையை உடைத்து ஊற்றினாள். ஓரம் முறுகி, நடு ஆடிக்கொண்டு, வட்டம் பிசகாமல் வந்தது. நளீர் கட்டாரில் பெரிய ஹோட்டல்களுக்கு எதிரே நின்று வேலை பார்த்தவர், இப்படி ஒரு முட்டையைக் கண்டதில்லை. முதல் தடவையே இப்படி வருகிறதென்றால் அது பழக்கிய முறையின் திறமை என்று முடிவு செய்தார். படம் எடுத்துப் பழைய கூட்டாளிகளின் வட்ஸ்அப்பில் போட்டார். முறைப்படி பழக்கினால் ஏழே நாள் என்று கீழே எழுதினார். றபீக்கா அடுப்பங்கரையில் நின்று வெங்காயம் உரித்தாள். அவளுடைய கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் வாய்தான் ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தது.

கண் இருந்தும் காணாமல் விடுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும், நளீருக்கு அது எட்டு வருசப் பயிற்சி. ஒரு புதன்கிழமை கேஸ் முடிந்தது. சிலிண்டர் மாற்றுவது ஐந்தாம் கட்ட வேலை, வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஆறுதலாகத் தாள் எழுதிச் செய்வோம் என்றார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தால் அடுப்பு எரிகிறது. மாத்தியாச்சி என்றாள் றபீக்கா. யார் மாற்றியது என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்னொரு நாள் மெயின் றோட்டைக் கடக்கப் பழக்குவதற்கு நிஸ்றாவை அழைத்துப்போனார். அவர் மேலங்கியோடு நடு றோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நிற்க, கல்முனை பஸ் ஒன்று நின்று ஹோர்ன் அடித்தது. ஓட்டோக்கார முஹம்மட் தலையை வெளியே நீட்டி, என்ன நிஸ்றா, இண்டைக்கு சைக்கிள் இல்லையா, காவலுக்கெல்லாம் ஆள் போட்டிருக்கு என்று கேட்டுவிட்டுப் போனான். நிஸ்றா தலையைக் குனிந்துகொண்டாள். பயந்துவிட்டாள் என்று நளீர் நினைத்தார். ஆற்றங்கரையில் மீன் வாங்கப் போனபோது மீன்காரர் நளீரைப் பார்க்காமல் நிஸ்றாவிடம், மணலை மீனை எப்பவும் போலத் துண்டு போடவா என்று கேட்டார். எப்பவும் என்ற அந்தச் சொல் நளீருடைய காதுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. வியாபாரிகளுடைய வாய்ச்சாலம் என்று அதை அனுப்பிவிட்டார்.

கார்த்திகை மாதம் மாரி இறங்கியது. மூன்று நாள் விடாத மழை. ஆற்றங்கரைத் தெருவில் தண்ணீர் ஏறி, ஆறு எது தெரு எது என்று தெரியாமல் கிடந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் மண்டபத்து முகட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் மின்சார மெயின் சுவிட்ச். சிலாப்பில் தண்ணீர் வடிகிற குழாயின் வாய் அடைபட்டிருக்கிறது, பக்கத்து வீட்டு மாவிலை ஒவ்வொரு மாரிக்கும் இந்த வேலைதான் செய்யும் என்று றபீக்கா சொன்னாள். நிஸ்றா எழும்பிவிட்டாள். நான் ஒருக்கா என்று தொடங்கும்போதே நளீரின் உள்ளங்கை உயர்ந்தது.

உயரத்தில் வேலை, ஈரம், விளிம்புக் கட்டு சாண் உயரம்தான், மூன்று ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது, இதையெல்லாம் பதினெட்டு வயதுக்குப் பிறகு யோசிப்போம் என்று சொன்னார். தானே ஏறுவதாக அறிவித்தார். உடனே ஏறவில்லை. தன் பெயருக்கு ஒரு தாள் எழுதினார். மேலங்கி போட்டார். ஹெல்மட் போட்டார். பாதுகாப்புப் பட்டியின் எந்தக் கண்ணிக்குள் எந்தக் காலை விடுவது என்று கொஞ்ச நேரம் குழம்பினார். இதற்குள் சொட்டுத் தண்ணீர் ஓட்டமாக மாறிவிட்டது. றபீக்கா வாளியை வைத்து, காய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த தடி ஒன்றால் மெயின் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். இதற்கெல்லாம் அவளிடம் தாள் இருக்கவில்லை.

நளீர் தான் கட்டிய நாடாவைத் தானே அவிழ்த்து ஏறினார். மேலே போனதும் பட்டியின் கொக்கியை முதல் தூணில் நீட்டிக்கொண்டு நின்ற கம்பியில் மாட்டினார். சட்டம் அப்படி. பிறகு அடுத்த தூண், பிறகு அதற்கடுத்தது. கணுக்கால் மறையத் தண்ணீரில் நடந்து கடைசித் தூணுக்கு வந்து சேர்ந்தார். குழாய் மூலையில் இருந்தது. கொக்கியின் கயிறு அதற்கு ஒரு முழம் குறைந்தது. இன்னொரு தூண் இல்லை. கொக்கியைக் கழற்றினால் எட்டிவிடும். ஆனால் கழற்றக் கூடாது என்று ஆயிரம் பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவர் கீழே குனிந்து பார்த்துவிட்டார். விளிம்பு அங்கே, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததற்குக் கீழே பக்கத்து வீட்டுக் கிணறு. கல் சுமந்ததும் தரையில்தான், பிறகு எட்டு வருசமும் அவர் உயரத்தைக் கீழே இருந்துதான் பார்த்திருக்கிறார், உயரம் மேலேயிருந்து எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. தூணைக் கட்டிப்பிடித்தபடி தண்ணீருக்குள் குந்திவிட்டார். கத்த வெட்கமாக இருந்தது. விசிலை எடுத்து மூன்றுதரம் ஊதினார்.

வீட்டில் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். சப்னா அவசரம் என்று சொல்லிக்கொண்டு கேற்றை நோக்கி ஓடினாள். நிஸ்றா படிக்கட்டுப் பக்கம் திரும்ப, றபீக்கா அவளுடைய கையைப் பிடித்து, ஒரு குடையை விரித்து, வா என்று முருங்கை மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். அது சட்டத்தில் இருந்தது. கடமை தவறாமல் மூவரும் குடைக்குக் கீழே நின்றார்கள். மேலேயிருந்து விசில் திரும்பவும் மூன்றுதரம் கேட்டது. அவர்கள் அசையவில்லை. திரும்பி உள்ளே போகக் கூடாது என்றுதானே பாடம். தெருவில் போனவர்கள் நின்றார்கள். சப்னா உரத்த குரலில் எண்ணினாள். உம்மா இருக்கிறா, ராத்தா இருக்கிறா, நான் இருக்கிறேன், வாப்பாவைக் காணவில்லை. மூன்றாம் முறையும் விசில் ஊதியது, ஆனால் அந்த ஊதலில் காற்று குறைவாக இருந்தது. றபீக்கா அதைக் கேட்டு முகம் மாறினாள். குடைக்குள்ளிருந்து மகளைப் பார்த்தாள்.

"போ மகள். பதினொண்டாம் படியில பாசி."

"தெரியும் உம்மா."

நிஸ்றா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நளீர் கண்ணைத் திறந்தபோது மகள் வெறுங்காலோடு, பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்து வந்துகொண்டிருந்தாள். அவரிடம் முதலில் வரவில்லை. நேராக மூலைக்குப் போய், விளிம்புக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தோள்மட்டும் கையை விட்டு, மாவிலைக் குப்பையையும் அதோடு ஒரு சொப்பிங் பேக்கையும் இழுத்தெடுத்தாள். குழாய் ஒருதரம் விக்கியது. பிறகு தண்ணீர் சுழன்று இறங்கத் தொடங்கியது. இலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, திரும்ப அடைக்காதபடி ஒரு செங்கல்லை வைத்தாள். அந்தச் செங்கல் அங்கே அதற்காகவே கிடந்தது. அதற்குப் பிறகுதான் வாப்பாவிடம் வந்து கொக்கியைக் கழற்றினாள்.

"என்னப் பாருங்க வாப்பா. கீழ பாக்காதீங்க. படிக்கு வந்தா இருந்து இருந்து எறங்குவம். நான் ஒரு படி கீழ இருப்பன், என்ட தோளப் புடிங்க."

பதினேழு படியையும் நளீர் உட்கார்ந்தபடியே இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் மகள் பொறுத்து நின்றாள், அவசரப்படுத்தவில்லை. பதினோராம் படியில் காலை உள்பக்கமாக வைக்கச் சொன்னாள். கேற்றுக்கு வெளியே நின்றவர்களில் இரண்டு பேர் தொலைபேசியில் படம் பிடித்தார்கள். கீழே வந்து சேர்ந்ததும் சப்னா எண்ணிக்கை சரி என்று அறிவித்தாள்.

உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தவருக்கு றபீக்கா இஞ்சித் தேத்தண்ணீர் கொடுத்தாள். பயம் போனால் மனிசனுக்கு அடுத்தது கோபம்தான் வரும், அது நளீருக்கும் வந்தது. யாருடைய அனுமதியில் இந்தப் பிள்ளை மேலே ஏறிப் பழகினாள் என்று கேட்டார். கேட்கும்போதே முட்டை ஞாபகம் வந்தது. கேஸ் சிலிண்டர் ஞாபகம் வந்தது. எப்பவும் போல என்ற மீன்காரருடைய சொல் திரும்பி வந்து நின்றது. ஆனால் கேள்வி வாயைவிட்டுப் போய்விட்டது. றபீக்கா ஒரு மாதமாகப் புட்டோடு அடக்கி வைத்திருந்ததை அவிழ்த்தாள்.

"வெள்ளிக்கு வெள்ளி கோல் எடுத்தீங்க. திண்டாங்களா, தொழுதாங்களா, படிச்சாங்களா எண்டு கேட்டீங்க. சிலாப்புல தண்ணி நிண்டா ஆரு ஏறுற எண்டு ஒருநாளும் கேக்கல்ல. நான் காய்ச்சலில கெடந்தா இந்த ஊட்ட ஆரு பாக்கிற எண்டு நெனச்சித்தான் பழக்கினன். ஆறு வயசில மூணு படி, நான் கீழ கைய விரிச்சிக்கிட்டு நிண்டன். ஏழில பாதி. எட்டில மேல வர, நான் பின்னால. ஒம்பதில அவள் மட்டும் போனாள். நான் குசினிக்குள்ள உசிரக் கையில புடிச்சிக்கிட்டு நிண்டன். அதுக்கு எனக்கு ஆரும் பெர்மிட்டுத் தரல்ல மச்சான்."

நளீர் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்துச் சுவரில் ஆயிரத்து நூறு நாள் பலகையோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் இல்லாத நேபாளத் தொழிலாளி நொண்டி நொண்டி ஞாபகத்துக்கு வந்தான். தாளில் எழுதியது வேறு, நடந்தது வேறு என்பது அவருக்குப் புதிசா என்ன. இந்த வீட்டில் மாத்திரம் அது வேறு மாதிரி இருக்கும் என்று அவரே நம்பிவிட்டார். றபீக்கா மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. தனக்கென்று இந்தப் பிள்ளையிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்க அழுகை வந்தது, ஹெல்மட் தழும்பு நெற்றியில் இருக்க அழவும் முடியவில்லை. கடைசியில் நிஸ்றாவைப் பார்த்து, பிறகு ஏன் நெருப்புக்குச்சிக்குப் பயந்த மாதிரிச் சத்தம் போட்டாய் என்று மட்டும் கேட்டார்.

நிஸ்றா உம்மாவைப் பார்த்தாள். உம்மா உதவிக்கு வரவில்லை.

"நீங்க சொல்லித் தரக்குள்ள ஒங்கட மொகம் சந்தோசமா இருந்திச்சி வாப்பா."

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்குக் கூட்டம் நடக்கவில்லை. சப்னா மட்டும் ஹெல்மட்டோடு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். உடுப்புக்கொடி மண்டபத்தைவிட்டு வெளியே போனது. தெருவில் இரண்டு நாள் அவருடைய வீடியோ ஓடியது, பள்ளிவாசலில் ஒருவர், நளீர் நானா, படியிறங்கும்போது உட்காரவா என்று கேட்டுச் சிரித்தார். நளீரும் சிரித்தார். வேறு என்ன செய்ய முடியும்.

செவ்வாய்க்கிழமை வெள்ளத்தால் பள்ளிக்கூடம் இல்லை. பின்னேரம் மழை திரும்பவும் கொட்டியது. முகட்டில் பழைய இடத்தில் ஈரம் படர்ந்தது. நளீர் எழும்பினார். எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். நிஸ்றா அனுமதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, தாள் ஒன்றைப் புரட்டி, தன் குண்டு குண்டு எழுத்தில் நிரப்பினாள். நிரப்பி அவர் முன்னால் தள்ளினாள்.

பெயர்: வாப்பா. வேலை: குசினிக்குள் நிற்பது. ஆபத்து: கத்திக் கூப்பிடுவார். முன்னெச்சரிக்கை: விசிலை உம்மாவிடம் கொடுக்க வேண்டும். கட்டம்: இரண்டு.

இரண்டாம் கட்டம் என்றால் பழகிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அது அவரே எழுதிய சட்டம். நளீர் தாளை இரண்டுதரம் வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, விசிலைக் கழுத்தால் கழற்றி றபீக்காவிடம் கொடுத்தார். அவள் அதை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். நிஸ்றா பாவாடையைச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

குசினிக்குள் இரண்டு பேரும் நின்றார்கள். மழைச் சத்தத்தில் காலடி கேட்காது என்று நளீர் நினைத்தார். றபீக்கா படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள். கறுத்த அடையாளம் இருந்ததே, பெயின்ட் பூச வேண்டும் என்று அவர் எழுதிவைத்தாரே, அதே இடத்தில் அந்தக் கை அச்சொட்டாகப் பொருந்தியது. நளீர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் கையையும் அதற்குப் பக்கத்தில் வைத்தார். சுவரில் மெல்லிய அதிர்வொன்று வந்தது. பிறகு இன்னொன்று. மகளுடைய கால்.

அவர் எண்ணினார். எட்டு, ஒன்பது, பத்து. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மகளின் பெயரைக் கத்திக் கூப்பிட வாயெடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். பாசி, நிண்டுதான் போவாள் என்றாள் றபீக்கா, சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல். பதினொன்று வந்தது. பன்னிரண்டு வந்தது. பதினேழும் வந்து முடிந்து, கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் குழாயால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டபோதுதான் நளீர் மூச்சை விட்டார். நெற்றி வேர்வையைச் சாறன் தலைப்பால் துடைத்தார்.

"ஒவ்வொரு மழைக்கும் நீ இப்பிடியா நிண்ட புள்ள?"

"இல்ல மச்சான்," என்றாள் றபீக்கா. "தனிய நிண்டன்."

மேலே செங்கல்லை நகர்த்துகிற சத்தம் கேட்டது. இனி அவள் இறங்க வேண்டும், அதுவும் பதினேழு படி. நளீர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கினார்.